காப்போ கக்கோ: பதினெட்டு வயதில் மூன்று தங்கம், அதன் பிறகு நடந்தது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் பின்லாந்து நாடே ஒரு பதினெட்டு வயதுப் பையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த மார்ச்சுக்குள் நியூயார்க்கில் அதே பையனைப் பற்றி "இவ்வளவுதானா?" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. இரண்டுக்கும் இடையில் பத்தே மாதம். ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் காப்போ கக்கோ பற்றி விடாமல் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தருகிறேன். தகவலோடு என் கருத்தையும் சொல்லியிருக்கிறேன். எது தகவல், எது கருத்து என்பது படிக்கும்போதே தெரியும்.

யார் இந்தக் காப்போ கக்கோ?

2001 பிப்ரவரி 13 அன்று பின்லாந்தின் துர்க்கு நகரில் பிறந்த ஐஸ் ஹாக்கி ஃபார்வர்டு. வலது விங்கில் ஆடுவார், ஆனால் மட்டையை இடது பக்கம் பிடிப்பவர். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள். 2019இல் வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்.ஹெச்.எல். நடத்தும் இளம் ஆட்டக்காரர் தேர்வில் (டிராஃப்ட்) இரண்டாவது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரை எடுத்தது. 2024 டிசம்பரிலிருந்து சியாட்டில் கிராக்கன் அணியில் இருக்கிறார்.

எனக்கு ஐஸ் ஹாக்கியே தெரியாது. இதைப் படிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோலியும் (கோல் காப்பவர்) பனித்தளத்தில் இருப்பார்கள். அந்த ஐந்தில் மூவர் ஃபார்வர்டுகள், அதாவது தாக்குதல் ஆட்டக்காரர்கள்: நடுவில் ஒரு சென்டர், இரு ஓரங்களில் இரண்டு விங்கர்கள். இந்த மூவர் கூட்டணிக்கு 'லைன்' என்று பெயர். ஓர் அணிக்கு நான்கு லைன்கள். ஒரு லைன் முக்கால் நிமிடம் போல மூச்சுமுட்ட ஆடிவிட்டு வெளியே வரும், அடுத்தது உள்ளே போகும். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும்.

அந்த அறுபது நிமிடத்தை நான்கு லைன்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. முதல் லைன் ஆட்டக்காரருக்குப் பதினெட்டு, இருபது நிமிடம் கிடைக்கும். மூன்றாவது லைனில் இருப்பவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. எதிரணி ஆள் தவறு செய்து இரண்டு நிமிடம் வெளியே உட்காரும்போது வரும் 'பவர் பிளே' வாய்ப்பும் பெரும்பாலும் மேல் லைன்களுக்கே போகும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு மிஞ்சியதுதான் இலைக்கு வரும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கக்கோவின் முதல் ஐந்தாறு வருடக் கதை பாதி புரிந்துவிடும்.

எந்த அணியில் வளர்ந்தார்?

துர்க்குவின் டி.பி.எஸ். அணியில். பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஔரா ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஊர் துர்க்கு. டி.பி.எஸ். 1922இல் தொடங்கிய சங்கம். சகோதரர்களான சாக்கு கொய்வுவும் மிக்கோ கொய்வுவும், கோலி மீக்கா கிப்ருசோஃபும் அங்கே ஆடி வளர்ந்தவர்கள்தான். அந்த ஊரில் மட்டை பிடிக்கும் பையனுக்கு அண்ணாந்து பார்க்கப் பெரிய பெயர்கள் ஏற்கெனவே இருந்தன.

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான். அந்தச் சின்ன நாடு இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 2014, 2016, 2019 என்று ஐந்தாறு வருடத்துக்குள் மூன்று முறை தங்கம் வாங்கியது. கக்கோ இந்த அலையில் வந்தவர். தனியாக முளைத்த அதிசயமாக அவரைப் பார்க்க வேண்டியதில்லை.

2018–19 பருவத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பின்லாந்தின் முதல்நிலைத் தொழில்முறைப் போட்டியான லீகாவில் அந்தப் பருவத்தைத் தொடங்கும்போது அவருக்குப் பதினேழு வயது. எதிரில் நிற்பவர்கள் முப்பது வயது ஆண்கள், அதுவே பிழைப்பாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு நடுவில் 45 ஆட்டங்களில் 22 கோல், 16 அசிஸ்ட், மொத்தம் 38 புள்ளி. (கோல் போட்டாலும், கோலுக்கு வழிசெய்யும் பாஸ் கொடுத்தாலும் ஒவ்வொரு புள்ளி.)

அந்த வயதுப் பிரிவில் அதுவரை அதிக கோல் அடித்திருந்தவர் அலெக்சாண்டர் பார்கோவ். 2012–13இல் தாப்பாரா அணிக்காக 21 கோல். கக்கோ அதை ஒரு கோலில் தாண்டினார். பார்கோவ் அதற்குள் என்.ஹெச்.எல்.லில் ஓர் அணிக்கே கேப்டனாகியிருந்தார். ஆகவே பெயரை ஒப்பிட்டுப் பேசாமல் யாராலும் இருக்க முடியவில்லை.

எண்ணிக்கையை விட என்னைக் கவர்ந்தது அந்தக் கோல்கள் வந்த விதம். தூரத்திலிருந்து விளாசிய கோல்கள் அவற்றில் குறைவு. பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) எடுத்துக்கொண்டு, முதுகில் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு, கோல் வாசல் வரை போய்ப் போட்டவை அதிகம். பதினேழு வயதில் பெரியவர்களிடம் அப்படி ஆடுவதற்கு உடம்பில் பலம் இருந்தால் மட்டும் போதாது.

வான்கூவரில் போட்ட அந்தக் கோல் எப்படி வந்தது?

2019 ஜனவரி 5, வான்கூவர், ரோஜர்ஸ் அரங்கம். இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம், பின்லாந்தும் அமெரிக்காவும். பின்லாந்து 2–0 என்று முன்னால் இருந்தது. மூன்றாம் பகுதியில் அமெரிக்கா அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. அந்த நிலையில் ஆட்டத்தின் போக்கு முழுக்க அமெரிக்கா பக்கம் சாய்ந்திருந்தது.

ஆட்டம் முடிய 1 நிமிடம் 26 விநாடி. பக் கோலியின் அருகே அலைகிறது, யார் கையிலும் அடங்கவில்லை. கோல் கம்பத்தின் ஓரம் நின்ற கக்கோ மட்டையை நீட்டித் தள்ளினார். 3–2. பார்ப்பதற்கு அழகான கோல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றிலும் இரண்டு வயது மூத்தவர்கள். அவருக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஐந்து வாரம் பாக்கி.

அன்று எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் ஜாக் ஹியூஸ். இந்தப் பெயர் மறுபடியும் வரும்.

மே மாதம் ஸ்லோவாக்கியாவில் என்ன நடந்தது?

பெரியவர்களுக்கான உலக சாம்பியன்ஷிப். பின்லாந்தின் பயிற்சியாளர் யுக்கா யாலோனென் கொண்டுபோன அணியில் என்.ஹெச்.எல். ஆட்டக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். பெயர் தெரியாத அணி என்று பலரும் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். எதிரில் கனடா, அமெரிக்கா, ரஷ்யா எல்லாம் நட்சத்திரங்களோடு வந்திருந்தன.

கோஷித்சே நகரில் மே 10 அன்று முதல் ஆட்டம், கனடாவோடு. பின்லாந்து 3–1 என்று வென்றது. அதில் இரண்டு கோல் கக்கோவுடையது. மறுநாள் போட்டியை நடத்தும் ஸ்லோவாக்கியாவோடு, அவர்கள் ஊர்க் கூட்டத்தின் முன்னால். பின்லாந்து 4–2, கக்கோ மூன்று கோல். இரண்டு நாளில் ஐந்து கோல். பதினெட்டு வயதுப் பையன் உலகத்தரப் பெரியவர்களிடம் இப்படி ஆடி நான் பார்த்ததில்லை.

பத்து ஆட்டங்களின் முடிவில் ஆறு கோல் என்று நின்றார். அதாவது பின்பாதியில் கோல் வரத்து குறைந்தது, எதிரணிகள் அவரை அடையாளம் கண்டுகொண்டுவிட்டன. அப்போது அணியைத் தோளில் தூக்கியவர் கேப்டன் மார்க்கோ அன்ட்டிலா. காலிறுதியில் சுவீடனைக் கூடுதல் நேரத்தில் 5–4, அரையிறுதியில் ரஷ்யாவை 1–0, மே 26 அன்று பிராட்டிஸ்லாவாவில் இறுதியில் கனடாவை 3–1. இறுதி ஆட்டத்தில் அன்ட்டிலா இரண்டு கோல் போட்டார். ரஷ்யாவுக்கு எதிரான அந்த ஒரே கோலும் அவருடையதுதான். ஒருவர் முப்பத்துச் சொச்சம் வயதில் என்.ஹெச்.எல். பக்கமே போகாத கேப்டன், இன்னொருவர் அங்கே போகக் காத்திருக்கும் பையன். இருவரும் ஒரே அணியில் தங்கம் வாங்கினார்கள். அந்த அணியை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

"மூன்று தங்கம்" என்பது எவை?

2018இல் ரஷ்யாவில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி, 2019 ஜனவரியில் இருபது வயதுக்குட்பட்டோர் போட்டி, 2019 மே மாதம் பெரியவர்களுக்கான போட்டி. பத்தொன்பது வயது ஆவதற்குள் இந்த மூன்றையும் வென்ற முதல் ஆட்டக்காரர் கக்கோ.

டிராஃப்டில் இவர் ஏன் முதலாவதாகப் போகவில்லை?

டிராஃப்ட் என்பது என்.ஹெச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். பிளேஆஃபுக்கு (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) தகுதி பெறாத அணிகளுக்குள் குலுக்கல் நடத்தி, முன்வரிசையை முடிவு செய்வார்கள். 2019 குலுக்கலில் நியூ ஜெர்ஸி டெவில்ஸ் முதலிடம் பெற்றது. ஆறாம் இடத்தில் இருந்திருக்க வேண்டிய ரேஞ்சர்ஸ் இரண்டாம் இடத்துக்குத் தாவியது.

வசந்த காலம் முழுக்க விவாதம்: ஹியூஸா, கக்கோவா? ஹியூஸ் சென்டர். வேகம், பாஸ் இரண்டிலும் அவருக்கு இணை இல்லை. ஹாக்கியில் சென்டருக்கு எப்போதும் விலை அதிகம், ஏனென்றால் தற்காப்பும் தாக்குதலும் அவர் வழியாகத்தான் நடக்கும். கக்கோ விங்கர், ஆனால் பெரியவர்களோடு ஆடித் தேறியவர். ஜூன் 21 அன்று டெவில்ஸ் ஹியூஸை எடுத்தது, அடுத்து ரேஞ்சர்ஸ் கக்கோவை எடுத்தது. டிராஃப்ட் நடந்த இடம் வான்கூவர் ரோஜர்ஸ் அரங்கம். ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தக் கோலைப் போட்ட அதே கட்டடம்.

பின்லாந்துக்காரர் ஒருவர் டிராஃப்டில் இரண்டாவதாகப் போவது புதிதல்ல. 2002இல் கோலி கரி லெஹ்த்தோனென், 2013இல் பார்கோவ், 2016இல் பத்ரிக் லைனே. முதலாவதாக இதுவரை எந்தப் பின்லாந்துக்காரரும் போனதில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவரே வெளிப்படையாகப் பேசும் விஷயம்தான். முதல் வகைச் சர்க்கரை நோயும் சீலியாக் நோயும் அவருக்கு உண்டு.

நம் வீடுகளில் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகை வேறு. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. சாப்பாட்டுப் பழக்கமோ சோம்பலோ காரணமில்லை. ஆயுள் முழுக்க வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றிக்கொள்ள வேண்டும். உலகிலேயே இது அதிகமாகக் காணப்படும் நாடு பின்லாந்துதான்.

ஐஸ் ஹாக்கியில் இது எவ்வளவு சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். தொடர்ந்து ஓடினால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அளவு விழும். அதே சமயம் முக்கால் நிமிட வெடிப்பு ஓட்டமும் ஆட்டப் பதற்றமும் அட்ரினலினைக் கூட்டும், அதனால் அளவு ஏறவும் செய்யும். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டும் நடக்கலாம். விழுந்தால் கை நடுங்கும், கவனம் சிதறும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் ஆளைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் அது ஆபத்து. ஆட்ட நாளில் இடைவேளைகளில் அளவைப் பார்த்து, சாற்றையோ இன்சுலினையோ சரியான நேரத்தில் எடுப்பது இந்த நோயுள்ள எந்த ஆட்டக்காரருக்கும் பயிற்சியைப் போலவே முக்கியமான வேலை. சீலியாக் நோய் இருப்பதால் கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது. பருவம் முழுக்க ஊர் ஊராகப் பறந்து ஹோட்டலில் சாப்பிடும் ஒருவருக்கு அது இன்னொரு சுமை.

இவருக்கு முன்னோடிகள் உண்டு. ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் அணியை 1974, 1975 இரண்டு வருடமும் என்.ஹெச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கு அழைத்துப்போன கேப்டன் பாபி கிளார்க் முதல் வகைச் சர்க்கரை உள்ளவர். இன்னொரு என்.ஹெச்.எல். ஆட்டக்காரரான மேக்ஸ் டோமிக்குக் கக்கோவைப் போலவே இரண்டும் உண்டு. பிள்ளைக்கு முதல் வகை என்று மருத்துவர் சொன்னதும் "இனி விளையாட்டு வேண்டாம்" என்று முடிவெடுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இந்த மூன்று பெயர்களை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

என்.ஹெச்.எல். முதல் பருவத்தில் ஏன் தடுமாறினார்?

2019 அக்டோபர் 3 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வின்னிபெக்குக்கு எதிராக முதல் ஆட்டம். அக்டோபர் 12 அன்று எட்மன்டனுக்கு எதிராக முதல் கோல். பருவ முடிவில் 66 ஆட்டம், 10 கோல், 13 அசிஸ்ட்.

காரணங்கள் பல. முதலாவது, தளத்தின் அளவு. ஐரோப்பாவில் வழக்கமான தளம் முப்பது மீட்டர் வரை அகலம். என்.ஹெச்.எல். தளம் சுமார் 26 மீட்டர்தான். அந்தச் சில மீட்டர் குறையும்போது யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. துர்க்குவில் பக்கை வாங்கி, ஆளை முதுகில் நிறுத்தி, வட்டமடித்து, கோலை நோக்கித் திரும்ப இடம் இருந்தது. நியூயார்க்கில் அந்த வட்டத்தைப் பாதி போடுவதற்குள் இரண்டாவது தற்காப்பாளர் வந்துவிடுவார்.

இரண்டாவது, ஓய்வின்மை. 2018 இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஓட்டம்: லீகா, ஜூனியர் உலகப் போட்டி, லீகா பிளேஆஃப், உலக சாம்பியன்ஷிப், டிராஃப்ட், புதிய நாடு, புதிய மொழி, 82 ஆட்டப் பருவம். இடையில் ஒரு முழுக் கோடைகூட ஆற அமரக் கிடைக்கவில்லை.

மூன்றாவது, அணியின் நிலை. ரேஞ்சர்ஸ் நிர்வாகம் 2018 பிப்ரவரியில் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதி, பழைய அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தது. கக்கோ வந்தபோது தற்காப்பு ஓட்டையும் ஒடிசலுமாக இருந்தது.

என் கருத்து: இன்னும் ஒரு வருடம் துர்க்குவில் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த பையனை வீட்டுக்கு அனுப்பிக் காத்திருக்கும் பொறுமை எந்தப் பெரிய நகரத்து அணிக்கும் எளிதில் வராது.

அந்தப் பருவத்தின் "மைனஸ் 26" என்றால் என்ன?

நீங்கள் தளத்தில் இருக்கும்போது, பவர் பிளே கணக்கில் சேராமல், உங்கள் அணி கோல் போட்டால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. கக்கோவின் முதல் பருவக் கணக்கு −26. மோசமான எண்தான். ஆனால் அது கோலியையும் கூட ஆடும் நால்வரையும் சேர்த்தே அளக்கும் எண். ஒரு பதினெட்டு வயதுப் பையனின் நெற்றியில் மட்டும் அதை ஒட்டுவது நியாயமில்லை.

கொரோனா காலத்தில் ஆடினாரா?

ஆடினார். 2020 மார்ச்சில் பருவம் நின்றது. சர்க்கரை நோய் இருப்பதால் அவர் கூடுதல் ஆபத்துள்ளவர் என்று கருதப்பட்டார். ஆடுவாரா என்ற சந்தேகம் பல வாரம் இருந்தது. பிறகு மருத்துவ அனுமதி கிடைத்து, டொரொன்டோவில் வெளித்தொடர்பில்லாமல் நடந்த ஆட்டங்களில் இறங்கினார். ரேஞ்சர்ஸ் கரோலைனாவிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

அந்தத் தோல்விக்குப் பிறகு நடந்த குலுக்கலில் ரேஞ்சர்ஸுக்கு முதலிடமே விழுந்தது. எடுத்தது அலெக்சி லஃப்ரனியேரை. அணிக்கு அது கொடை. கக்கோவுக்கோ, மேல் லைனில் இடம் கேட்டு நிற்கும் வரிசையில் இன்னொருவர் கூடிவிட்டார்.

'கிட் லைன்' என்று சொல்வது எதை?

2022 பிளேஆஃபில் லஃப்ரனியேர், ஃபிலிப் ஹிட்டில், கக்கோ மூவரும் சேர்ந்து ஆடிய மூன்றாவது லைன். மூவருமே இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடமே ஆனவர்கள். அதற்கு முன் இரண்டு பருவங்கள் கக்கோவுக்குச் சரியாகப் போகவில்லை: 2020–21இல் 48 ஆட்டத்தில் 17 புள்ளி, 2021–22இல் காயங்களால் 43 ஆட்டமே, 18 புள்ளி. பிளேஆஃபில் அந்த லைன் எதிரணி மூலையில் பக்கை வைத்துக்கொண்டு வெளியே விடாமல் அலைக்கழித்தது. பிட்ஸ்பர்க், கரோலைனா இரண்டு தொடர்களையும் ரேஞ்சர்ஸ் ஏழு ஆட்டம் வரை இழுத்து வென்றதில் அவர்கள் பங்கு பெரியது.

பிறகு கிழக்கு மண்டல இறுதி, தம்பா பேயோடு. முதல் இரண்டு ஆட்டம் வென்று, அடுத்த மூன்றும் தோற்ற நிலையில், வாழ்வா சாவா என்ற ஆறாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ஜெரார்ட் கலன்ட் கக்கோவை வெளியே உட்கார வைத்தார். காயம் எதுவும் இல்லை. ரேஞ்சர்ஸ் தோற்றது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு கூட்டணியை அந்த ஓர் இரவில் ஏன் பிரிக்க வேண்டும் என்று அன்றும் எனக்குப் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

அவருடைய உண்மையான பலம் எது?

பலகை ஓரம். தளத்தைச் சுற்றி இருக்கும் அந்தச் சுவரை ஒட்டி நடக்கும் போராட்டத்தைத்தான் சொல்கிறேன்.

அடுத்த முறை அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது கோலைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள். பக் சுவரோரம் வருகிறது. கக்கோ அதைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து, ஆள் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரிந்துகொள்வார். கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பார். எதிராளி முதுகில் மோதும்போது அந்த மோதலுக்கு எதிர்த்து நிற்காமல், அதையே வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் உருண்டு திரும்புவார். ஒரு கையால் மட்டையை நீட்டிப் பக்கைத் தள்ளி வைத்திருப்பார், மறுகையின் முழங்கை ஆளைத் தள்ளி நிறுத்தும். மூன்று, நான்கு விநாடி இப்படியே போகும். அதற்குள் எதிரணியின் இரண்டாவது ஆளும் அவர் பக்கம் இழுக்கப்படுவார். நடுவில் ஓர் இடம் திறக்கும். பாஸ் அங்கே போகும்.

புள்ளிப் பட்டியலில் இதற்குத் தனி வரி இல்லை. எதிராளியிடமிருந்து பக்கைப் பறித்து வருவதும், தற்காப்புக்குச் சோம்பாமல் திரும்பி ஓடுவதும்கூட அப்படித்தான். பதினெட்டு வயதில் கோல் இயந்திரம் என்று விளம்பரப்படுத்தப்பட்டவர், உண்மையில் இரு பக்கமும் பொறுப்பாக ஆடும் விங்கராக வளர்ந்தார். ஷூட்டிங் அவ்வளவு கூர்மையாகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைத்த நல்ல வாய்ப்புகள் பலவற்றை அவர் கோலியின் மார்பிலேயே அடித்திருக்கிறார்.

நியூயார்க்கில் அவருடைய சிறந்த வருடம் எது?

2022–23. 82 ஆட்டங்களும் ஆடினார். 18 கோல், 22 அசிஸ்ட், 40 புள்ளி. உடம்பு ஒத்துழைத்தால் என்ன செய்வார் என்று காட்டிய பருவம் அது. அடுத்த பருவத்தில் மேல் லைனில் இடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023 நவம்பர் 27 அன்று பஃபலோவோடு நடந்த ஆட்டத்தில் காலில் அடிபட்டு, ஜனவரி வரை வெளியே. திரும்பி வந்து 61 ஆட்டத்தில் 19 புள்ளியோடு முடித்தார்.

பார்கோவ், லைனே இவர்களோடு ஒப்பிட்டால்?

லைனே முதல் பருவத்திலேயே 36 கோல் போட்டார், அடுத்த பருவம் 44. அந்த உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நியூயார்க் கக்கோவிடமும் அதையே எதிர்பார்த்தது. ஆனால் லைனே தொலைவிலிருந்து சுடுபவர், ஆட்டமே வேறு.

பார்கோவ் ஒப்பீடு பயனுள்ளது. 2013–14இல் புளோரிடாவில் பார்கோவின் முதல் பருவம் 24 புள்ளி, அதுவும் முழங்கால் காயத்தோடு முடிந்தது. கக்கோவின் முதல் பருவம் 23. இரண்டாவது பருவத்தில் பார்கோவ் 36 புள்ளி எடுத்தார், பிறகு ஏறிக்கொண்டே போனார். 2024, 2025 இரண்டு வருடமும் கேப்டனாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். கக்கோவும் அதே அளவு திறமைசாலி என்று நான் சொல்ல வரவில்லை. பார்கோவ் அபூர்வம். ஆனால் புளோரிடாவில் அவருக்கு முன்னால் வரிசை இல்லை. தவறு செய்தாலும் மறுநாளும் அதே லைனில் அனுப்பினார்கள். நியூயார்க்கிலோ கோப்பை வெல்லும் அவசரம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆர்தெமி பனாரின், மிக்கா ஸிபனெஜாட், கிறிஸ் கிரைடர் என்று மேலே இடம் நிரம்பியிருந்தது.

ஹியூஸின் முதல் பருவம் இன்னும் சுமார், 61 ஆட்டத்தில் 21 புள்ளி. அவரை டெவில்ஸ் விடாமல் மேல் லைனிலேயே ஆடவிட்டது. 2022–23இல் அவர் எடுத்தது 99 புள்ளி.

ரேஞ்சர்ஸ் ஏன் அவரை விட்டுவிட்டது?

2024 டிசம்பரில் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. கக்கோ அதுவரை 30 ஆட்டத்தில் 14 புள்ளி, அணியின் மோசமான ஆட்டக்காரர்களில் ஒருவர் நிச்சயமாக இல்லை. ஆனாலும் ஓர் ஆட்டத்தில் பயிற்சியாளர் பீட்டர் லாவியொலெட் அவரை உட்கார வைத்தார். தோற்கும்போது ஓர் இளையவனைப் பிடித்து வெளியே போடுவது சுலபமான வேலை என்ற பொருளில் கக்கோ பத்திரிகையாளர்களிடம் மனம் திறந்து பேசினார். அதிகம் பேசாதவர் பேசியது என்பதால் அந்தச் சொற்கள் கனமாக விழுந்தன. டிசம்பர் 18 அன்று அவரைச் சியாட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்குத் தற்காப்பாளர் வில் போர்கெனும், 2025 டிராஃப்டின் மூன்றாம், ஆறாம் சுற்றுத் தேர்வுகளும் வந்தன.

நியூயார்க் கணக்கு: 330 ஆட்டம், 61 கோல், 131 புள்ளி.

சியாட்டிலில் என்ன மாறியது?

தளத்தில் கிடைக்கும் நேரம் மாறியது. கிராக்கன் 2021–22இல்தான் என்.ஹெச்.எல்.லுக்கு வந்த அணி, மேல் லைன்களில் இடம் இருந்தது. இளம் சென்டர் மாட்டி பெனியர்ஸோடு அவரைச் சேர்த்து ஆடவிட்டார்கள். பவர் பிளேயிலும் இடம் கிடைத்தது. 49 ஆட்டத்தில் 10 கோல், 20 அசிஸ்ட். இரண்டு அணியையும் கூட்டினால் அந்தப் பருவம் 44 புள்ளி, அதுவரை அவருடைய அதிகபட்சம். அதே ஆள், அதே கால், அதே மட்டை. மூன்று மாதத்தில் புதிதாக ஹாக்கி கற்றுக்கொண்டிருக்க முடியாது.

இவரை 'தோல்வி' என்று சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது தேர்வு என்றால் ஒரு பருவத்துக்கு எழுபது, எண்பது புள்ளி என்ற எதிர்பார்ப்பு வருகிறது. அதை அவர் எட்டவில்லை, உண்மை. ஆனால் அந்த எதிர்பார்ப்பு ஸ்லோவாக்கியாவின் இரண்டு இரவுகளிலிருந்து கட்டப்பட்டது. அகலமான தளம், இவரை அறியாத எதிரணிகள், உச்சத்தில் இருந்த தன்னம்பிக்கை எல்லாம் அங்கே சேர்ந்து வந்தன. அதை வைத்து ஆறு வருடத்தை அளந்தால் யாரும் தேற மாட்டார்கள். இருபத்துநான்கு வயதில் 379 என்.ஹெச்.எல். ஆட்டம் ஆடி முடித்த, இன்சுலினோடு வாழும் ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்கு அந்தச் சொல் பொருந்தாது.

சம்பளம் எவ்வளவு? ஒப்பந்தம் எதுவரை?

2019இல் புதுமுகங்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 9.25 லட்சம் டாலர். 2022இல் ரேஞ்சர்ஸோடு இரண்டு வருடம், வருடத்துக்கு 21 லட்சம் டாலர். 2024இல் ஒரே ஒரு வருடம், 24 லட்சம் டாலர். அந்த ஒற்றை வருட ஒப்பந்தத்திலேயே அணியின் தயக்கம் தெரிந்தது. 2025 கோடையில் கிராக்கன் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வாங்கியது, வருடத்துக்குச் சராசரி 45.25 லட்சம் டாலர். 2027–28 பருவத்தோடு அது முடியும்போது அவருக்கு வயது 27.